மெல்லிய பிணைப்பின் வரலாறு

கோப்பை நீரில் இட்ட பனிக்கட்டி மிதக்கிறது. வீட்டுக் கூரையின் அடிப்புறத்தே பல்லி தலைகீழாக ஓடுகிறது, விழுவதில்லை. கொதிநீரில் இட்ட முட்டையின் வெள்ளைக்கரு வெளுத்து இறுகுகிறது. ஆறிய பின்னும் இளகுவதில்லை. இம்மூன்றும் நாள்தோறும் கண்முன் நிகழ்பவை. பழகிய காட்சிகளாதலின் எவரும் வியப்பதில்லை. ஆயினும் வகுப்பறையில் ஒரு சிறுவன் எழுந்து, “இவை ஏன் இவ்வாறு நிகழ்கின்றன?” என வினவினால், அவ்வினாவுக்கு விடை கூற அறிவியல் உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே உண்மை. பனிக்கட்டிக்கும் முட்டைக்கும் உரிய விளக்கம் 1930களில்தான் கிடைத்தது. பல்லிக்கு உரிய விளக்கமோ இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த பின்னரே உறுதியாயிற்று.

பொருள்கள் அணுக்களால் ஆனவை. அணுக்கள் கூடி மூலக்கூறுகள் ஆகின்றன. மூலக்கூற்றுக்குள் அணுக்களை இறுகக் கட்டும் பிணைப்பைப் பள்ளி மாணவரும் அறிவர். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் அவ்வாறு கட்டுண்டதே நீர். ஆனால் ஒரு நீர் மூலக்கூற்றுக்கும் அதன் அண்டை மூலக்கூற்றுக்கும் இடையே உள்ள உறவு யாது? அங்கும் ஒரு பற்று உண்டு. வலிமையில் அது மிகக் குறைந்தது. ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் இணைக்கும் பிணைப்புகளுள் ஒரு மோல் அளவை அறுக்க ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடைப்பட்ட பற்றினை அதே அளவில் அறுக்க ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். அடுப்பில் கொதிக்கும் கெண்டியைப் பார்த்தாலே இவ்வேறுபாடு விளங்கும். கெண்டியிலிருந்து எழும் ஆவியும் நீரே. அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடுவதில்லை. அடுப்பின் வெப்பம் மெல்லிய பிணைப்பை அவிழ்க்கிறது. வலிய பிணைப்பை அசைக்க இயலாமல் நின்றுவிடுகிறது.

இம்மெல்லிய பிணைப்புகளுள் தலையாயது ஹைட்ரஜன் பிணைப்பு. அதனையும் அதன் உறவான பிற ஈர்ப்புகளையும் மாந்தர் கண்டறிந்த வரலாறு, தனியொரு மேதையின் வெற்றி வரலாறாக அமையவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர், வகுப்புக் கட்டுரை எழுதிய மாணவர் ஒருவர், விமான நிலையத்தில் காத்திருந்த இருவர், படுக்கையில் கிடந்த நோயாளி ஒருவர், சென்னைப் பேராசிரியர் ஒருவர் எனப் பலர் கைகோத்த வரலாறு அது. மெல்லிய பிணைப்புகள் பல சேர்ந்து ஒரு பொருளைத் தாங்குவது போலவே, பலருடைய சிறு பங்குகள் சேர்ந்து இவ்வறிவைத் தாங்கி நிற்கின்றன.

தச்சர் மகனின் ஆய்வு

ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் 1837ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் யோஹன்னஸ் டிடெரிக் வான் டெர் வால்ஸ் பிறந்தார். தந்தையார் தச்சர், பிள்ளைகள் பதின்மருள் இவரே மூத்தவர். அக்காலத்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்லும் வழி அடைபட்டிருந்தது. கிரேக்கமும் இலத்தீனும் கல்லாதவர் அங்குப் பட்டத் தேர்வு எழுத இயலாது. ஆகவே அவர் இளவயதிலேயே தொடக்கப் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி பெறத் தொடங்கினார். படிப்படியாகத் தேர்வுகள் எழுதித் தகுதி பெற்றார். பள்ளிப் பணிக்கு இடையே லைடன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். முறையான மாணவர் என்னும் பெயர் அவருக்கு இல்லை. பின்னர் டெவன்டர் நகரிலும் அடுத்து ஹேக் நகரிலும் இடைநிலைப் பள்ளி ஆசிரியரானார். ஹேக் நகரப் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அறிவியல் மாணவர்க்குச் செம்மொழித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்ட பின்னரே அவருக்குக் கதவு திறந்தது. 1873ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் 35ஆம் வயதில், அவர் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். வாயு நிலையும் நீர்ம நிலையும் இடையறாது தொடர்பவை என்பது அதன் பொருள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1869இல், பெல்ஃபாஸ்ட் நகரின் தாமஸ் ஆண்ட்ரூஸ் ஒரு புதுமையை அறிவித்திருந்தார். கரியமில வாயுவை ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது நீர்மமாகப் பிரிவதில்லை. அவ்வெப்பநிலைக்குக் கீழே அழுத்தினால் நீர்மமாகிறது. இதற்குக் காரணம் காட்டியவர் வான் டெர் வால்ஸ். பழைய வாயு விதி மூலக்கூறுகளைப் பருமனற்ற புள்ளிகளாகவும், ஒன்றையொன்று பொருட்படுத்தாதவையாகவும் கருதியது. அவர் அதில் இரு திருத்தங்கள் செய்தார். மூலக்கூறுக்கும் பருமன் உண்டு என்பது ஒன்று. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பது மற்றொன்று. அணுக்கள் உண்மையாகவே உள்ளனவா என அறிஞர் பலர் ஐயுற்ற காலத்தில், அவற்றின் இடையே உள்ள ஈர்ப்புக்குச் சமன்பாட்டில் இடம் தந்தார் ஒரு பள்ளி ஆசிரியர்.

அவ்வாய்வேடு டச்சு மொழியில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் அது பெருமொழி அன்று. ஆயினும் இங்கிலாந்தின் பேரறிஞர் மேக்ஸ்வெல் அதனைப் படித்துப் பாராட்டினார். அதனால் டச்சு மொழியைக் கற்க முற்பட்டோர் ஒருவருக்கு மேல் உளர் எனவும் குறித்தார். பொருள் உயர்ந்ததாயின் உலகம் அம்மொழியைத் தேடிவரும் என்பதற்கு இஃதொரு சான்று. சிறுபான்மையோர் மொழியில் கல்வி புகட்டும் ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத் தக்க நிகழ்ச்சி இது.

1877இல் அவர் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1880இல் அவர் வகுத்த ஒத்தநிலை விதி, எவ்வாயு எவ்வெப்பநிலையில் நீர்மமாகும் என முன்கூட்டியே கணிக்க உதவிற்று. லைடனில் காமர்லிங் ஓன்னஸ் என்பார் அவ்வழியைப் பின்பற்றி, 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஹீலியத்தை நீர்மமாக்கினார். ஹீலியம் எதனோடும் எளிதில் சேராத தனியன். அதுவும் சுழியத்திற்குக் கீழே 269 பாகையில் தன் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும் எனின், ஈர்ப்பு இல்லாத மூலக்கூறு உலகில் இல்லை என்றாயிற்று. 1910இல் வான் டெர் வால்ஸ் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஈர்ப்பு உண்டு எனக் காட்டிய அவரால் அதன் மூலத்தைக் காட்ட இயலவில்லை. அது பின்வந்தோர் பணியாயிற்று. சில மூலக்கூறுகளில் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டிருக்கும். அவை காந்தங்கள் போல ஒன்றையொன்று ஈர்க்கும் என்றார் கீசம். அத்தகைய மூலக்கூறு, நடுநிலையான அண்டை மூலக்கூற்றிலும் அத்தன்மையைத் தூண்டும் என 1920இல் காட்டினார் டிபை. இரண்டும் நடுநிலையாய் இருப்பினும், எலெக்ட்ரான்களின் ஓயாத அசைவால் கணந்தோறும் தோன்றி மறையும் ஏற்றத்தாழ்வே ஈர்ப்பினை உண்டாக்கும் என 1930இல் விளக்கினார் ஃபிரிட்ஸ் லண்டன். ஹீலியத்தின் புதிரும் இதனால் அவிழ்ந்தது.

வரிசை மீறிய நீர்

இவ்விதிகள் யாவும் பொருந்தியும் நீர் மட்டும் பொருந்தவில்லை. ஆக்ஸிஜன் குடும்பத்தில் உள்ள தனிமங்கள் ஹைட்ரஜனோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களை வரிசைப்படுத்தினால் இது தெளிவாகும். டெல்லூரியச் சேர்மம் சுழியத்திற்குக் கீழே 2 பாகையில் கொதிக்கிறது. அதனினும் இலேசான செலீனியச் சேர்மம் கீழே 41 பாகையிலும், அதனினும் இலேசான கந்தகச் சேர்மம் கீழே 60 பாகையிலும் கொதிக்கின்றன. படிகள் இவ்வாறு இறங்கி வருகையில், யாவற்றினும் இலேசான நீர் அதற்கும் கீழே கொதிக்க வேண்டும். அவ்வாறாயின் இவ்வுலகில் ஆறும் கடலும் இரா. நீர் முழுதும் ஆவியாய் அலையும். ஆனால் நீர் கொதிப்பதோ 100 பாகையில். அம்மோனியாவும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் தத்தம் குடும்பங்களில் இவ்வாறே வரிசை மீறி நின்றன.

சாராயத்திலும் இப்புதிர் இருந்தது. எத்தில் ஆல்ககாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே எண்ணிக்கையுள்ள அணுக்களால் ஆனவை. இரண்டிலும் கரி அணு இரண்டு, ஹைட்ரஜன் அணு ஆறு, ஆக்ஸிஜன் அணு ஒன்று. எனினும் முன்னது 78 பாகையில் கொதிக்கிறது. பின்னது சுழியத்திற்குக் கீழே 24 பாகையிலேயே ஆவியாகிவிடுகிறது. எண்ணிக்கை ஒன்றாயினும் அமைப்பு வேறு. ஆல்ககாலில் ஒரு ஹைட்ரஜன், ஆக்ஸிஜனோடு நேரே இணைந்துள்ளது. ஈதரில் அவ்வாறு இல்லை. திறவுகோல் அங்கேதான் இருந்தது.

முதற்குறிப்பை 1912இல் இங்கிலாந்தின் மூர், வின்மில் என்னும் இருவர் தந்தனர். அம்மோனியா வகைக் காரங்களை நீரில் கரைத்து ஆராய்ந்த அவர்கள், அவற்றுள் சில எதிர்பார்த்ததினும் மிக வலுக் குன்றியிருப்பதைக் கண்டனர். நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜன் ஒன்று அருகிலுள்ள ஆக்ஸிஜனையும் பற்றிக்கொண்டு, அதனை எளிதில் விலக விடாமல் தடுக்கிறது என விளக்கம் கூறினர். அவ்விளக்கம் அத்துறை நூல்களில் ஓர் ஓரத்தில் கிடந்தது. அதன் பொதுமையை அவர்களும் வலியுறுத்தவில்லை, பிறரும் உணரவில்லை.

ஒரு மாணவரின் வகுப்புக் கட்டுரை

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் அப்போது கில்பர்ட் லூயிஸ் வேதியியல் துறைத் தலைவராக இருந்தார். இரண்டு அணுக்கள் இரு எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என 1916இல் அவர் கூறிய கொள்கை உலகப் புகழ் பெற்றது. அக்கொள்கையின்படி ஹைட்ரஜன் அணு ஒரு பிணைப்பே கொள்ள இயலும். இரண்டாம் பிணைப்புக்கு அதனிடம் எலெக்ட்ரான் இல்லை.

1919ஆம் ஆண்டில் அங்குப் பயின்ற மாரிஸ் ஹக்கின்ஸ் என்னும் மாணவர், தம் வகுப்புக்கென எழுதிய கட்டுரையில் துணிவானதொரு கருத்தை வெளியிட்டார். ஒரு ஹைட்ரஜன் அணு, இரண்டு அணுக்களுக்கு நடுவே நின்று இரண்டையும் இணைக்கலாம் என்பது அது. தலைவரின் கொள்கையே அத்துறையில் கோலோச்சிய காலத்தில், அக்கொள்கைக்கு அடங்காத ஒன்றை மாணவர் எழுதினார்.

அதே துறையில் இளம் ஆய்வாளர்களாக விளங்கிய வெண்டல் லாட்டிமர், வொர்த் ரோடபுஷ் ஆகிய இருவரும் 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீரின் விந்தைப் பண்புகள் பலவற்றுக்கும் இவ்விடைப்பட்ட ஹைட்ரஜனே காரணம் என அதில் விரிவாக விளக்கினர். ஒரு நீர் மூலக்கூற்றின் ஆக்ஸிஜனிடம் பங்கிடப்படாத எலெக்ட்ரான் இணைகள் உள்ளன. அடுத்த மூலக்கூற்றின் ஹைட்ரஜனை அவ்விணை தன்பால் இழுக்கிறது. இவ்வாறு நீர் முழுதும் கைகோத்து நிற்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஹக்கின்சு வெளியிடாத ஆய்வொன்றில் இதனை ஒத்த கருத்தைக் கையாண்டுள்ளார் என்பதை அடிக்குறிப்பில் சேர்த்தனர்.

அவ்வடிக்குறிப்பு இல்லாதிருந்தால் மாணவரின் பெயர் வரலாற்றில் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல், லூயிஸ் தம் பெருநூலை வெளியிட்டார். தம் கொள்கைக்குக் கிடைத்த முதன்மையான சேர்க்கை இவ்வெண்ணமே என அதில் எழுதினார். இதனை முதலில் எடுத்துரைத்தவர் ஹக்கின்சு எனவும், இதன் பயனை விளங்கக் காட்டியோர் லாட்டிமரும் ரோடபுஷும் எனவும் பகுத்துக் கூறினார். தம் கொள்கையின் எல்லையை மீறிய மாணவரின் பெயரை ஆசிரியரே தம் நூலில் பொறித்து வைத்தார்.

எனினும் யார் முதல்வர் என்னும் வழக்கு எளிதில் ஓயவில்லை. கருத்தைத் தோற்றுவித்தவர்க்கு முதன்மையா, அதன் பயனைக் காட்டியவர்க்கு முதன்மையா, எவரும் கவனியாக் காலத்தில் ஓரிடத்தில் எழுதி வைத்தவர்க்கு முதன்மையா? பிற்காலத்தில் புகழ்பெற்ற நூலெழுதிய லைனஸ் பாலிங், முதற்குறிப்பினை மூர், வின்மில் ஆகியோர்க்கும், அதன் பொதுமையை உணர்ந்த சிறப்பினை லாட்டிமர், ரோடபுஷ் ஆகியோர்க்கும் பங்கிட்டார். ஹக்கின்சு நீள்தொடர் மூலக்கூறுகளின் ஆய்வில் பெரும்பெயர் பெற்று 1981இல் மறைந்தார். வகுப்பறைக் கட்டுரைகளை மதிப்பெண் இட்டுக் கட்டி வைத்துவிடும் வழக்கம் உள்ளவரை, இந்நிகழ்ச்சி ஆசிரியர் உலகம் மறக்கக் கூடாத ஒன்று.

மாஸ்கோவில் ஒரு பனிமூட்டம்

நீரின் உள்ளமைப்பு எவ்வாறு இருக்கும் என்னும் வினாவுக்கு விடை பிறந்த இடம் விந்தையானது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த படிகவியல் அறிஞர் பெர்னலும் கணித இயற்பியலார் ரால்ஃப் ஃபவுலரும் மாஸ்கோ சென்று திரும்புகையில், பனிமூட்டத்தால் விமான நிலையத்தில் காத்திருக்க நேர்ந்தது. சுற்றிலும் சூழ்ந்திருந்ததோ நீர்த்துளிகளின் மூட்டம். பேச்சும் நீரைப் பற்றியே எழுந்தது. அவ்வுரையாடலின் பயன் 1933இல் கட்டுரையாக வெளிவந்தது.

நீர் மூலக்கூறு நான்கு திசைகளில் கை நீட்டுகிறது என்றனர் அவர்கள். தன் ஹைட்ரஜன்கள் இரண்டால் இருவரைப் பற்றுகிறது. தன் எலெக்ட்ரான் இணைகள் இரண்டால் வேறு இருவரின் ஹைட்ரஜனை ஏற்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் இவ்வாறு நால்வரோடு மட்டுமே கைகோத்து, இடைவெளி மிகுந்த கூடு போல் அடுக்கப்பட்டுள்ளது. உருகும்போது அக்கூட்டின் ஒரு பகுதி குலைந்து, மூலக்கூறுகள் நெருங்குகின்றன. ஆகவேதான் திண்மமான பனிக்கட்டி, நீர்மமான நீரினும் இலேசாயிற்று. ஒரு கன சென்டிமீட்டர் பனிக்கட்டியின் எடை 0.917 கிராம், கோப்பையில் அது தன் பன்னிரண்டில் ஒரு பங்கை வெளியே நீட்டிக்கொண்டு மிதப்பது இதனாலேயே.

இச்சிறு வேறுபாட்டின் விளைவு பெரிது. குளிர்நாடுகளில் ஏரியின் மேற்பரப்பே முதலில் உறைகிறது. உறைந்த அடுக்கு போர்வையாகிக் கீழுள்ள நீரைக் காக்கிறது. 4 பாகையில் மிகுந்த அடர்த்தி பெறும் நீர் அடியில் தங்க, அங்கே மீன்கள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பனிக்கட்டி மூழ்கும் இயல்பினதாயின் ஏரிகள் அடியிலிருந்து உறைந்து உயிரினங்களை மாய்த்திருக்கும். நீரின் அருமையை வள்ளுவர் வான்சிறப்பில் வைத்துப் போற்றினார். அவ்வருமைக்குள் இருந்த நுண்காரணம் 1933இல் விளங்கிற்று.

முட்டையும் முறுக்கிய தாளும்

நீரை விளக்கிய பிணைப்பு உயிரையும் விளக்கும் என முழங்கியவர் அமெரிக்கரான லைனஸ் பாலிங். 1936இல் அவரும் ஆல்ஃபிரெட் மிர்ஸ்கியும் இணைந்து, புரதம் என்பது நீண்டதொரு தொடர் எனவும், அத்தொடர் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மடித்துக் கட்டப்பட்டுள்ளது எனவும் கூறினர். வெப்பம் அம்மெல்லிய கட்டுகளை அவிழ்க்கிறது. அவிழ்ந்த தொடர்கள் ஒன்றோடொன்று சிக்குண்டு இறுகுகின்றன. சிக்கிய நூற்கண்டு தானே ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளாதது போல, வெந்த முட்டையும் தன் பழைய நிலைக்கு மீள்வதில்லை.

புரதத் தொடர் மடியும் வடிவம் எது? 1948ஆம் ஆண்டின் இளவேனிலில் பாலிங் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்தபோது சளிப் பிடித்துப் படுக்கையில் கிடந்தார். பொழுது போக்கத் தாளொன்றில் புரதத் தொடரை வரைந்து, அத்தாளை மடித்துத் திருப்பிப் பார்த்தார். தொடர் திருகுச் சுருளாக வளைய, ஒரு சுற்றின் ஹைட்ரஜன் மறுசுற்றின் ஆக்ஸிஜனை நேர்நோக்கி நின்றது. கோரி, பிரான்சன் ஆகியோருடன் அவர் 1951இல் வெளியிட்ட ஆல்ஃபா சுருள் என்னும் அவ்வமைப்பு, கம்பளியிலும் முடியிலும் குருதியிலும் உண்டென உறுதியாயிற்று.

பாடநூலில் இருந்த பிழை

மரபுப் பண்பைச் சுமக்கும் டி.என்.ஏ. மூலக்கூற்றிலும் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு எனச் சான்று காட்டியவர் நாட்டிங்ஹாம் நகரின் ஜான் மேசன் கல்லண்ட். அவர் குழுவினர் 1947இல் அதனை வெளியிட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் இரயில் விபத்தில் அவர் உயிர் நீத்தார். அவர் தொடங்கியதை முடிக்கும் வாய்ப்புப் பிறர்க்குச் சென்றது.

1953இன் தொடக்கத்தில் பாலிங்கே டி.என்.ஏ.வுக்கு மூவிழை வடிவம் ஒன்றை முன்மொழிந்தார். ஹைட்ரஜன் பிணைப்பில் வல்லவரான அவர், அப்பிணைப்பைப் பொருந்தாத இடத்தில் வைத்துத் தவறினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பொய்யாகவில்லை.

கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் அதே புதிரோடு போராடினர். இலண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் நடத்திய எக்ஸ்-கதிர் ஆய்வு இழைகளின் வடிவத்தை உணர்த்திற்று. ஆயினும் இழைகளை இணைப்பது எது என்பது புலப்படவில்லை. வாட்சன் பாடநூல்களில் கண்ட வடிவங்களைக் கொண்டே இணைக்க முயன்றார், அவை பொருந்தவில்லை. அவ்வறையிலேயே பணிபுரிந்த ஜெர்ரி டோனஹ்யூ என்னும் வேதியியலார், “பாடநூல்களில் ஹைட்ரஜன் அணு தவறான இடத்தில் வரையப்பட்டுள்ளது” என்னும் கருத்தை எடுத்துக் கூறினார். வாட்சன் அட்டையில் புதிய வடிவங்களை வெட்டினார். பிப்ரவரி 28ஆம் நாள் காலை அவற்றை நகர்த்திப் பார்க்கையில், அடினினும் தைமினும் ஓர் இணையாகவும், குவானினும் சைட்டோசினும் மற்றோர் இணையாகவும் ஒரே அளவில் பொருந்தி நின்றன. ஒவ்வோர் இணைக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என அவர்கள் அன்று கொண்டனர். பின்னைய இணைக்கு மூன்று உண்டு என 1956இல் திருத்தியவர்கள் பாலிங்கும் கோரியும். சறுக்கியவரே மற்றவர் கணக்கில் விடுபட்டதை நிரப்பினார்.

இப்பிணைப்பு மெலிந்ததாய் இருப்பதே இங்குச் சிறப்பு. உயிரணு பிளவுபடும்போது இரு இழைகளும் பிரிந்து படியெடுக்கப்பட வேண்டும். வலிய பிணைப்பாயின் பிரித்தல் அரிது. பிணைப்பே இல்லையாயின் சேர்ந்திருத்தல் அரிது. தேவையான போது திறக்கவும் மற்றைப் போதில் மூடியிருக்கவும் ஏற்ற தாழ்ப்பாளாக ஹைட்ரஜன் பிணைப்பு அமைந்தது.

சென்னையில் முறுக்கிய மூவிழை

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் உரிய பங்கு உண்டு. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜி.என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தவர் அவர். அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்த பெர்னல், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என அவரிடம் கூறினார். மாஸ்கோ மூட்டத்தில் நீரைப் பற்றி எண்ணியவரே சென்னையில் இவ்வினாவையும் விதைத்தார்.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆய்வில் இறங்கினர். கங்காருவின் வால் தசைநாணும் அவர்கள் ஆய்ந்த பொருள்களுள் ஒன்று. கொலாஜன் தொடரில் மூன்றில் ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அலகு. மூன்று தொடர்கள் நெருங்கி முறுக்கிக்கொள்ள வேண்டுமாயின், நடுவில் சிறிய அலகுக்கே இடமிருக்கும் என அவர்கள் உணர்ந்தனர். 1954இலும் 1955இலும் வெளியிட்ட கட்டுரைகளில், கொலாஜன் மூவிழை முறுக்கிய கயிறு என நிறுவினர்.

உடனே மறுப்பும் எழுந்தது. மூன்று அலகுகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றனர் சென்னையார். ஒன்றே உண்டு என்றனர் ரிச்சும் கிரிக்கும். சென்னை வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனவும் குறை கூறினர். இராமச்சந்திரன் மறுப்பைக் கண்டு சினந்து ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆய்வுப் பொருளாக்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரத அமைப்பின் சரி தவறு காணும் உரைகல்லாக இன்றும் உலகெங்கும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்னும் பெயரால் வழங்குகிறது.

பிணைப்பு ஒன்றா இரண்டா என்னும் வழக்கும் இனிதே முடிந்தது. இரண்டாம் பிணைப்பை நீர் மூலக்கூறு ஒன்று இடைநின்று பாலமாக்கலாம் என 1968இல் இராமச்சந்திரன் கருதினார். 1994இல் கொலாஜனை ஒத்த படிகமொன்றை நுணுகி நோக்கியபோது, நேர்ப்பிணைப்பு ஒன்றும், நீரே பாலமாக நிற்கும் பிணைப்புகளும் காணப்பட்டன. இரு சாராரிடத்தும் உண்மையின் ஒரு கூறு இருந்தது.

சொல்லுக்கு வரையறை

பிணைப்பைப் பயன்படுத்திய உலகம், அதற்குத் திட்டமான வரையறை காண நெடுநாள் எடுத்துக்கொண்டது. நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃபுளோரின் ஆகிய மூன்றோடு மட்டுமே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும் எனப் பாடநூல்கள் கூறி வந்தன. கரி அணுவோடு இணைந்த ஹைட்ரஜனும் மெலிவாய்ப் பற்றக் கூடும் என்பதற்குச் சான்றுகள் பெருகின. ஆகவே அனைத்துலக வேதியியல் ஒன்றியம் ஒரு குழுவை அமைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இளங்கண்ணன் அருணன் தலைமையில் இயங்கிய அக்குழு அளித்த புதிய வரையறை 2011இல் வெளியாயிற்று. மூவர்க்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட உறவின் எல்லை அதனால் விரிந்தது.

பல்லியின் புதிரும் இக்காலத்தில் அவிழ்ந்தது. டோக்கே என்னும் பெரும்பல்லியின் கால்விரல்களில் எண்ணற்ற நுண்மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நுனியும் மேலும் நுண்ணிய கிளைகளாகப் பிரிகிறது. அமெரிக்க அறிஞர் கெல்லர் ஆட்டமும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் ஒரு மயிரின் ஒட்டும் விசையை அளந்தனர். அது பசையால் ஆவதன்று, வான் டெர் வால்ஸ் ஈர்ப்பினாலேயே ஆவது என்பதற்கு 2002இல் சான்று தந்தனர். தச்சர் மகன் 1873இல் சமன்பாட்டில் எழுதிய ஈர்ப்பே பல்லியைக் கூரையில் தாங்குகிறது.

ஒரு நுண்மயிரின் பிடி அற்பம்; ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலுவும் அற்பமே. அவை கோடிக்கணக்கில் கூடும்போது ஏரியைக் காக்கின்றன, எலும்பைத் தாங்குகின்றன, தலைமுறைப் பண்பைக் கைமாற்றித் தருகின்றன. இவற்றைக் கண்டறிந்த அறிவும் அத்தகையதே. இலத்தீன் அறியாத ஆசிரியருக்கு விலக்கு அளிக்கப்படாதிருந்தால், மாணவரின் பெயரை அடிக்குறிப்பு விட்டிருந்தால், பாடநூல் பிழையை ஒருவர் வாய்விட்டுச் சொல்லாதிருந்தால், இவ்வரலாறு எங்கோ ஒரு கண்ணியில் அறுந்திருக்கும்.

நாளை ஒரு வகுப்பறையில், கோப்பையில் மிதக்கும் பனிக்கட்டியைச் சுட்டி ஒரு சிறுவன் ‘ஏன்?’ எனக் கேட்கக் கூடும். அவ்வினா பாடத்திட்டத்தில் இல்லாததாயிருக்கலாம், நேரம் குறைவாயிருக்கலாம். எனினும் அதனை நின்று கேட்பதே ஆசிரியர் கடன். இவ்வரலாறு முழுவதும் அத்தகைய வினாக்களாலும், அவற்றை அலட்சியம் செய்யாத செவிகளாலும் கட்டப்பட்டது.